ஏழடிக்கு அப்பால்

சின்னசாமியின் வீட்டில் செத்தவர்கள் எல்லோருக்கும் பின்னால் மலை இருந்தது. அவருடைய அப்பாவுக்குப் பின்னால் ஸ்டுடியோ திரையில் தீட்டிய நீல மலை. அம்மாவுக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் ஒட்டிய மலை. அதன் உச்சியில் பகலிலேயே தீபம் எரிந்தது. பக்கத்தில் மூன்றாவது ஆணி அடித்தாகிவிட்டது. அது அவர் மகள் ஓவியாவுக்கு.

"மாப்ள, நீங்க கொண்டாந்த படத்துல மல இல்லியே" என்றார் சின்னசாமி.

"இருக்கு மாமா. பின்னாடி தெரியுதே, அதான்."

"இதுவா?" படத்தைக் கையெட்டும் தூரத்தில் நீட்டிப் பார்த்தார். "சாம்பார் கொட்டுன மாதிரி கீது."

புகழேந்தி தலையாட்டினான். மனைவி போன இந்தப் பதினொரு மாதத்தில் எதற்கும் தலையாட்டுவது அவனுக்குச் சுலபமாகிவிட்டது. உறவுக்காரர்கள் அதைப் பக்குவம் என்றார்கள்.

"வெள்ளிக்கிழம தெவசம். நாலு பேர் வர்ற எடம். இது சரிப்படாதுன்னா கல்யாண ஆல்பத்துலருந்து ஒண்ண எடுத்து மாட்டிக்கலாம், இன்னா சொல்றீங்க?"

கல்யாண ஆல்பத்தில் ஓவியா சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்திருந்தாள். இடது புருவத்தை இரண்டாக வெட்டும் அம்மைத் தழும்பு அதில் கிடையாது. அதற்காகப் புகழேந்தி யாரையும் குறை சொல்ல முடியாது. அவனே கல்யாணப் போட்டோகிராபர்; சில நூறு பெண்களின் தழும்புகளை அழித்துக் கொடுத்தவன். ஆனால் அந்தப் படம் ஆணியில் ஏறிவிட்டால், இனி வருஷா வருஷம் வேறு யாரோ ஒருத்திக்குக் கற்பூரம் காட்ட வேண்டியிருக்கும்.

"மலையைக் கொண்டாந்துடறேன் மாமா" என்றான்.

ஓவியாவைத் தனியாக எடுத்த படம் அவனிடம் அது ஒன்றுதான். முகூர்த்த நாட்களில் அடுத்தவன் மனைவியைப் படம் எடுத்தான். மற்ற நாட்களில் அவர்களுக்கு ஆல்பம் செய்தான். செல்போனில் இருந்தவற்றில் ஏதோ ஒரு ஃபில்டரில் ஓவியாவுக்குப் பூனைக்காது முளைத்திருந்தது.

அந்த ஒரு படமும் அவள் வாங்கிக் கொடுத்த லென்ஸில் எடுத்தது. அவன் பிறந்தநாளுக்காக இணையத்தில் தேடிப்பிடித்த சோவியத் காலத்துப் பழைய லென்ஸ். அதை அவனுடைய டிஜிட்டல் கேமராவில் பொருத்த ஓர் அலுமினிய வளையமும் சேர்த்து வாங்கியிருந்தாள். வளையம் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் ஜாஸ்தி. அதனால் லென்ஸ் கேமராவிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றது. ஏழடிக்குள் இருப்பது தெளிவாக விழும். அதற்கு அப்பால் உலகமே கலங்கல்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அவர்கள் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் அதைக் கண்டுபிடித்து எரிச்சலானான்.

"மலையே தெரியாத லென்ஸைத் திருவண்ணாமலையில வெச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது?"

"மலை எங்க போயிடப் போவுது? நான் பக்கத்துலதான நிக்கிறேன், என்னை எடு" என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள்.

எடுத்தான். ஒன்று போதும் என்று லென்ஸைப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். நான்கு மாதம் கழித்து அவளுக்கு டெங்கு வந்தது. ஐந்து நாள்.

மலையையும் அதே லென்ஸில் எடுத்து அவளுக்குப் பின்னால் ஒட்டினால்தான் பொருந்தும். அதற்குச் சரியான வளையம் தபாலில் வந்துசேரப் பத்து நாளாகும் என்றார்கள். தெவசத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. புகழேந்தி மணியின் லேத்துப் பட்டறைக்குப் போனான். மணி டிராக்டருக்கும் போர்வெல்லுக்கும் கடைசல் பிடிப்பவர்.

"இதுல ஒன்றரை மில்லி எடுக்கணும்ணே."

"ஒன்னரை மில்லிக்கா வந்தீங்க? ஒரு இஞ்சு கம்மியானாக்கூட இங்க எவனும் கேக்க மாட்டான் சார்." மணி வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். "எடுத்தா இன்னா ஆவும்?"

"மலை தெரியும்."

மணி பட்டறைக்கு வெளியே தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தார். தெருக்கோடியில் மலை அப்படியே இருந்தது.

"இப்பவே தெரியுதே சார்" என்றார். இருந்தாலும் கடைந்து கொடுத்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, மொட்டை மாடியில் அன்று நின்ற அதே இடத்தில் கேமராவை வைத்து லென்ஸைத் திருகினான். மலை வந்தது. பாறை பாறையாக, புதர் புதராக வந்தது. ஒரு செல்போன் கோபுரமும் மூன்று தண்ணீர்த் தொட்டிகளும் கூடவே வந்தன. அவற்றை அழிப்பது அவனுக்குப் பழகிய வேலை. அவள் சாய்ந்திருந்த கைப்பிடிச் சுவர்தான் இப்போது கலங்கலாகிவிட்டது.

ஓவியாவுக்குப் பின்னால் அந்த மலையைப் பொருத்த இரண்டு நாள் பிடித்தது. காற்றில் பறந்த அவள் முடியை ஒவ்வோர் இழையாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சிலவற்றை விட்டுவிட்டான். தழும்பைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை படம் ஆணியில் ஏறியது. சின்னசாமி வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

"மாப்ள எடுத்தது. பாறைய எண்ணலாம் பாரு!"

"இது வேங்கிக்கால் பக்கத்துலருந்து தெரியற மல" என்றார் ஒரு பங்காளி. "நம்ம ஊர்லருந்து பாத்தா முதுகு இப்டி வளையாதே."

"எந்தப் பக்கம் பாத்தா இன்னா, மல ஒண்ணுதான?"

"ஒண்ணுதான், இல்லங்கல. ஆனா இது நம்ம பக்கம் இல்ல."

ஆளாளுக்கு அவள் தோளுக்கு மேலே விரலை நீட்டி வாதாடினார்கள். படத்துக்குப் போட்ட மாலை மலை உச்சியை மறைக்கிறது என்று யாரோ சொல்ல, சின்னசாமி நாற்காலி போட்டு ஏறி அதை இடப்பக்கம் தள்ளிவிட்டார். உச்சி தெரிந்தது. சாமந்தி ஓவியாவின் புருவத் தழும்பின்மேல் சரிந்தது. புகழேந்தி அதைச் சரிசெய்ய எழுந்தான். அதற்குள் சின்னசாமியின் அக்கா அருணாதேவி வழிமறித்தாள்.

"தம்பி, இதே மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும்ப்பா. பூஜ ரூம்ல மாட்டணும்."

"தரேன் பெரிம்மா."

"ஆனா..." அவள் குரலைத் தணித்தாள். "தப்பா எடுத்துக்காத. செத்தவங்க படத்தப் பூஜ ரூம்ல வெக்கக் கூடாதும்பாங்க. மல மட்டும் இருந்தா போதும். கம்ப்யூட்டர்ல அந்தப் புள்ளைய எடுத்துட முடியுமா?"

"எடுக்க வேணாம் பெரிம்மா" என்றான் புகழேந்தி. "அவ இல்லாமலே ஒண்ணு இருக்கு."

அருணாதேவி செல்போன் எண்ணைச் சொன்னாள். பந்தியில் இலை போடுவதற்குள் அவன் அனுப்பிவிட்டான்.