முப்பத்தொரு அட்டைகள்

ஃபோர்மேனுக்கு வாய் சும்மா இருக்காது. லாரிப் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்ஜின் இரைச்சலுக்கு மேலே கத்தி நக்கலடித்தே பழகியவர். அந்த வாய்தான் மனைவியின் ஆபரேஷனுக்கே உலை வைத்தது.

நெஞ்சு அடைக்கிறது என்று மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, ஒரு சின்ன டாக்டர் வந்து, எவ்வளவு நாளாக பி.பி. இருக்கிறது என்று கேட்டார். பயத்தை மறைக்க ஃபோர்மேனுக்குத் தெரிந்த ஒரே வழி ஜோக்கு.

"என்னைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து டாக்டர். முப்பத்தாறு வருஷம்."

மனைவி மூச்சுத் திணறலிலும் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அந்த ஒரு வரி போதாதா? பாலிசி எடுத்து நாலு வருஷம்தான் ஆகிறது, நோய் முப்பத்தாறு வருஷமாக இருக்கிறது, மறைத்துவிட்டீர்கள், அனுமதி கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. இதயத்தில் அடைப்பு, திங்கட்கிழமை ஆபரேஷன். சனிக்கிழமை மதியத்துக்குள் அனுமதி வராவிட்டால் அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துத்தான். அவ்வளவு நாள் தள்ளுவது உயிருக்கே ஆபத்து என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது தவளை. பாம்பு பிடித்தது பக்கத்தில் இருந்தவளை.

மருமகள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாளாகக் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டினாள். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு, அரைமணி நேரம் பாட்டுக் கேள். ஒவ்வொரு தடவையும் புது ஆள். ஒவ்வோர் ஆளுக்கும் ஆதியோடந்தமாகக் கதை சொல்ல வேண்டும். அது ஜோக்கு என்று அவள் சொன்னதற்கு, ஜோக்கு என்று டாக்டர் சான்றிதழ் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். அங்கே வேலை பார்ப்பது மனிதர்களா, மரக்கட்டைகளா? வெள்ளிக்கிழமை காலையில் ஒரு புண்ணியவதிதான் வழி சொன்னாள்: பாலிசிக்கு முன்னால் பி.பி. சரியாக இருந்தது என்பதற்கு ஏதாவது பழைய காகிதம் அனுப்புங்கள்.

இல்லாத நோய்க்கு யார் காகிதம் வைத்திருப்பார்கள்? ஃபோர்மேன் வீட்டுக்குப் போய் பீரோவைக் குடைந்தார். ஸ்கூட்டருக்கு முதல் நாளிலிருந்து ஆயில் மாற்றிய தேதி அத்தனையும் நோட்டில் இருந்தது. மனைவியைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போது மருமகள் போன் செய்தாள்.

"மாமா, அத்தைகிட்ட கேட்டேன். தையல் மிஷின் டிராயர்ல, நூல்கண்டு டப்பாவுக்குள்ள பாக்கச் சொல்றாங்க."

டப்பாவில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. எல்லாம் ரத்த வங்கி அட்டைகள். ஒவ்வொன்றிலும் மனைவியின் பெயர், தேதி, எடை, பி.பி. எண்ணினார். முப்பத்தொன்று. நம்பாமல் திரும்ப எண்ணினார். பாலிசிக்கு முந்தைய அட்டைகளில் ஒன்றில்கூட பி.பி. ஏறியிருக்கவில்லை. கடைசி அட்டை இரண்டு வருஷத்துக்கு முந்தையது, அதில்தான் பி.பி. அதிகம், இனிக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது.

முதல் அட்டையின் வருஷம் அவருக்கு மறக்குமா? ஜாக்கி நழுவி லாரி அவர் தொடைமேல் இறங்கிய வருஷம். முகம் தெரியாத பதினோரு பேர் ரத்தம் கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை, அக்கா வீட்டுக்கு என்று சொல்லிப் போய்விட்டு, வந்ததும் இவள் படுத்துக்கொள்வாள். அக்கா வீட்டில் மூட்டை தூக்கினாயா என்று கிண்டல் செய்ததும் அவர்தான். அட பாவி மனுஷா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடி, அட்டைகளை மருமகளிடம் கொடுத்துவிட்டு மனைவியின் கட்டிலருகே போனார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? அந்தப் பதினோரு பேரு யாருன்னே தெரியல. எந்த வீட்டு வாசல்ல போயி கும்பிடறது? அதான்."

"பதினொன்னோட நிறுத்தியிருக்கலாமே."

இதுகூடப் புரியவில்லையா என்பதுபோல் பார்த்தாள். "பதினொன்னு அவங்களுக்கு. மத்ததெல்லாம், நீங்க தெனமும் வேலைக்குப் போயிட்டு முழுசா வீடு திரும்பினீங்களே, அதுக்கு."

முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் யாரோடு இருந்தோம் என்று ஃபோர்மேன் பிரமித்து நின்றார். அவள் கையைத் தொடவே கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அனுமதி வந்தது. மருமகள் வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். அவள் மடியில் போன் இன்னும் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் அவள் தலையில் கைவைத்தார்.

திங்கட்கிழமை காலையில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில், அதே சின்ன டாக்டர் பேனாவோடு வந்து அதே கேள்வியைக் கேட்டார். மருமகள் பதறிப்போய் மாமாவைப் பார்த்தாள். டிராலியில் படுத்திருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

"ரெண்டு வருஷமா டாக்டர்" என்றார் ஃபோர்மேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு முன்னாடி இவங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. எழுதிக்கோங்க."