வடிகால் உள்ள அறை

கட்டிலை நகர்த்தலாமா என்று யாரும் ஹியாமிடம் கேட்கவில்லை. குழாய் மேஸ்திரி அபூ லைத் ஒரு பக்கமும் தம்பி முன்தர் மறுபக்கமும் பிடித்துத் தூக்கி, அதைச் சுவரோடு நிமிர்த்தி நிறுத்திவிட்டார்கள். உம்மாவுக்கு ஊட்டக் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தவள், தன் மெத்தை நடையில் சுருண்டு கிடப்பதைத்தான் முதலில் பார்த்தாள்.

"இதுதாங்க இடம்," என்றார் மேஸ்திரி, தரையிலிருந்த சல்லடை மூடியைக் காலால் தட்டி. "வடிகால் இருக்கு. பிளக் இருக்கு. தரை மட்டமா இருக்கு. வெயிலும் படாது, குளிர்ல குழாய் உறையவும் செய்யாது. மாடித் தொட்டியிலேர்ந்து வர்ற குழாய் இந்தச் சுவத்துலதான் இறங்குது. ஹீட்டருக்குப் போறதுக்கு முன்னாடியே மறிச்சிடலாம். வீடு பூரா தேடினாலும் இப்படி ஒரு இடம் அமையாது."

"இது நான் படுக்குற ரூம்," என்றாள் ஹியாம்.

"சலவை ரூம்தானே அக்கா," என்றான் முன்தர். குரலில் கோபமே இல்லை. "நான் சொன்னேன்ல, இர்பித்ல சின்னம்மா தனியா இருக்காங்க. எல்லாம் முடிஞ்சதும் அங்க போயி இரு. உனக்கும் ஆறுதலா இருக்கும்."

சலவை அறை என்பது உண்மைதான். முன்தருக்குக் கல்யாணம் ஆனபோது ஹியாமின் அறை மணமக்களுக்குப் போயிற்று; அவள் தற்காலிகமாக இங்கே வந்தாள். மணமக்கள் ஷார்ஜாவுக்குப் போன பிறகும் அந்த அறை அவர்கள் சாமான்களோடு பூட்டியே கிடந்தது. தற்காலிகம் முடியவே இல்லை. அவள் தலைமுடியும் இந்தச் சோப்பு வாடையிலேயே நரைத்தது.

ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி உம்மாவை அனுப்பியதும் முன்தர் பறந்து வந்தான். ஊரோடு திரும்பிவிடப் போவதாகவும் சொன்னான். இரண்டு நாள் உம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். பொய்யழுகை என்று சொல்ல மாட்டேன். அப்புறம் கடைக்குப் போய் தண்ணீரின் கடினத்தைப் போக்கும் இந்த மெஷினை வாங்கி வந்தான். ஆளுயரத்தில் ஒரு நீல உருளை, பக்கத்தில் உப்புக் கொட்ட ஒரு வெள்ளைத் தொட்டி. இந்த அம்மான் நகரத்துத் தண்ணீரில் குளித்தால் அவன் மனைவி ரூலாவுக்கு முடி கொட்டுகிறதாம், பிள்ளைகளுக்குத் தோல் வெடிக்கிறதாம்.

"உம்மா இந்தக் கிடையில கிடக்கும்போது இது இன்னைக்கே வேணுமா?"

"இன்னைக்கு விட்டா மேஸ்திரி அடுத்த மாசம்தான் வருவாரு. ரூலா சாயங்காலம் வந்து எறங்குறா."

"உம்மாவப் பார்க்கவா?"

"எல்லாத்துக்கும்தான்," என்றான் அவன்.

மேஸ்திரி காதில் விழாதவர் போல மெஷினின் தலையைத் திறந்துகொண்டிருந்தார். "இந்த மலைக்கு வர்றது தண்ணியா? கரைச்சு விட்ட கல்லு," என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. "சமையலறைக் குடிதண்ணிக் குழாயையும் மாதுளைக்குப் பாயுற குழாயையும் இதுல சேர்க்க மாட்டேன். உப்பு சேர்ந்த தண்ணி, மரத்துக்கு ஆகாது. சரி, அபூ யஸன்," என்று முன்தரை அவன் மகன் பேரைச் சேர்த்து அழைத்தார். "வீட்டுல எத்தன பேரு? ஆளுக்குத் தக்கபடி இதுல வைக்கணும்."

"நாலு பேரு," என்றான் முன்தர்.

யோசிக்காமல் சொன்னான். அவன், ரூலா, இரண்டு பிள்ளைகள். முன்னறையிலிருந்து உம்மாவின் மூச்சு இழுத்து இழுத்து இங்கே வரை கேட்டது. உம்மாவை விட்டதற்காவது ஒரு காரணம் இருந்தது.

ஹியாமின் கையில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. முன்னறைக்குப் போனாள்.

உம்மாவின் தலையை மடியில் ஏந்தி ஒரு கரண்டி ஊட்டினாள். பாதி உள்ளே போயிற்று, பாதி கடைவாயில் வழிந்தது. பின்னால் குழாய் அறுக்கும் சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்?"

"பக்கத்து வீட்டுல, உம்மா."

உம்மா வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு கேட்டாள், "முன்தர் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

அதுதான் கடைசிப் பேச்சு. இப்படித்தான் போவார்கள், கண்ணுகளா. காலமெல்லாம் கூட இருந்தவளுக்கென்று ஒரு சொல் எடுத்து வைத்திருப்பார்கள் என்று நாம்தான் காத்திருப்போம்.

உதட்டை நனைக்கத் துணியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். திறந்தால், பெருமூச்சு மாதிரிக் காற்று வந்தது, தண்ணீர் வரவில்லை. வறண்ட துணியோடு திரும்பியபோது முன்னறையில் சத்தமே இல்லை. உம்மாவின் கண்ணை மூடினாள். தாடையைத் தன் முந்திய நாள் தலைத்துணியால் கட்டினாள். உடனே போய்ச் சொல்லவில்லை. பின்னறையில் சுத்தியல் தட்டிக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிற்பகல் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று முடிவாயிற்று. மையித்தைக் குளிப்பாட்டும் ஹஜ்ஜா நஈமா கற்பூரப் பொட்டலத்தோடு படியேறி வந்தவள், குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"மையித்து வீட்டுல தண்ணிய அறுத்துப் போட்டிருக்கானே, இவன் யாரு பெத்த புள்ள?"

"தெரியாம நடந்துபோச்சு, ஹஜ்ஜா," என்றான் முன்தர். கண் சிவந்திருந்தது. "ரூலாவுக்கு முடி..."

"உனக்கு மட்டும் எந்தத் தண்ணியில முடி வளந்துச்சு?"

மேஸ்திரி குறுக்கே வந்தார். "பத்து நிமிஷம் குடுங்க. மெஷினுக்குப் போற வால்வு, வர்ற வால்வு ரெண்டையும் மூடி, நடுவுல உள்ளதத் திறந்து விட்டா நேரா பழைய தண்ணி வந்துரும்."

"புதுத் தண்ணியிலயே குளிப்பாட்டலாமே," என்றான் முன்தர். மெதுவாகத்தான் சொன்னான், ஏதோ உபகாரம் செய்பவன் போல. "உம்மாவுக்குப் பூ மாதிரி இருக்கும்."

"என் மருமக வீட்டுல அந்தத் தண்ணியப் பாத்தாச்சு," என்றாள் நஈமா. "எவ்வளவு ஊத்தினாலும் உடம்பு வழுக்கும். சோப்பு போச்சா இல்லையான்னே தெரியாது. பழசத் திறந்து விடு, மேஸ்திரி."

கல்லுத் தண்ணீர் வந்தது. நஈமா கழுவினாள், ஹியாம் ஊற்றினாள். வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம். முதுகின் படுக்கைப் புண்ணில் ஊற்றும்போது, வலிக்குமோ என்று ஹியாமின் கை தானாகத் தணிந்தது. நஈமா குனிந்தபடியே சொன்னாள், "இந்த வீட்டுல உனக்கும் பங்கு இருக்கு, பொண்ணே. இந்த ஊர்ப் பொண்ணுங்க ஒருத்திக்கும் வாய் திறக்காது. கோர்ட்டுல கூப்பிட்டு, பங்கு வேணாம்னு கையெழுத்துப் போடுன்னா போட்டுட்டு வந்துருவீங்க."

"தண்ணி போதுமா?" என்று கேட்டாள் ஹியாம்.

"இன்னும் ஒரு தடவ ஊத்து."

ஆண்கள் உம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கினார்கள். பெண்கள் சன்னலில் நின்று பார்த்தார்கள். சாயங்காலம் விமான நிலையத்திலிருந்து ரூலா பிள்ளைகளோடு வந்தாள். ஹியாமைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதாள்; பிறகு நடையில் கிடந்த மெத்தையைத் தாண்டிப் போய் வாசலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற பெண்களின் துக்கத்தை வாங்கிக்கொள்ளத் தொடங்கினாள். வீட்டுக்காரி உட்காரும் நாற்காலி அது. சர்க்கரை இல்லாத காப்பியைச் சுற்றிக் கொடுத்தது ஹியாம்.

கடைசிக் கோப்பையும் திரும்பி வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள். மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க, கூடத்தைக் கடந்து முன்னறைக்குப் போனாள். உம்மாவின் இரும்புக் கட்டிலில் அதைப் போட்டாள். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை விரிப்பை எடுத்து உதறினாள்.

முன்தர் வாசலில் வந்து நின்றான். கபரடி மண் காலணியில் ஒட்டியிருந்தது.

"அக்கா, இந்த ரூமப் பசங்களுக்குன்னு..."

"அந்த முனையப் பிடி," என்றாள் ஹியாம்.

சின்ன வயதிலிருந்து அவள் பிடி என்றால் பிடித்துப் பழகிய கை. பிடித்தான். விரிப்பு அவர்களுக்கு நடுவே ஒருமுறை காற்று வாங்கி எழும்பி, மெதுவாகப் படிந்தது. அவன் தன் பக்கத்து மூலையை மெத்தைக்கு அடியில் செருகினான். எதையோ சொல்ல வாயெடுத்து, கூடத்தில் யாரோ அழைக்கும் குரல் கேட்டுப் போய்விட்டான்.

ஹியாம் கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் வந்தாள். அவன் செருகிய மூலையை வெளியே உருவி, சுருக்கத்தை நீவி, தானே மறுபடியும் செருகினாள்.