ஹொஷிமோரிக் கொம்பனியின் கடைசிக் கதவு

டிவியை மூடுவதற்கு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்த நாகபூசணி, மூடாமல் அப்படியே நின்றாள். எதிர்வீட்டுக்காரி. இத்தாலியின் இந்தப் போர்கோ வெக்கியோப் பகுதியில் எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும் கண்ணாடியையும் டிவியையும் மூடுகிற பொறுப்பை அவளாகவே எடுத்துக்கொள்வாள். மூட முன்னர் அலுமாரிக்குள்ளும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

"றஞ்சித், இஞ்சை வாரும். கொண்ணை இந்தக் கேமை முடிக்காமல்தானே போயிட்டார்?"

நாப்போலியிலிருந்து கப்பலில் வந்திறங்கியிருந்த தம்பிக்காரன் தலையாட்டினான்.

"ஆசை அறாட்டி சீவன் வீட்டைத்தான் சுத்திக்கொண்டு நிக்கும். பெட்டி இறங்க முதல் அதை முடிச்சுவிடும்."

சோதிலிங்கம் விறாந்தை நடுவே பெட்டிக்குள் கோட்டும் டையுமாகக் கிடந்தார். உயிரோடு இருந்தவரையில் டை கட்டியவரல்ல. முந்தநாள் தான் வேலைசெய்யும் சின்யோரா வீட்டு யன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் இருக்கிறேன் என்று கதிரையில் இருந்தார், பிறகு எழும்பவில்லை. தலைமாட்டில் மனைவி ரதி இருந்தாள். அவள் இன்னும் ஒரு சொட்டும் அழவில்லை என்ற செய்தி மூன்றாம் மாடியிலிருந்து தெருவாசல் வரை இறங்கிவிட்டிருந்தது.

கேம் விஷயமும் ஊரறிந்ததுதான். அந்த வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போன எவரும் அந்தக் கேமைச் செய்த ஹொஷிமோரிக் கொம்பனியின் சரித்திரத்தைக் கேட்காமல் கோப்பையைக் கீழே வைத்ததில்லை. ஒசாக்காவில், ஒரு சலவைக்கடைக்கு மேலே நாலு கூட்டாளிகள். அவர்கள் செய்த முதல் கேமை ஜப்பானிலேயே ஒருவரும் சட்டை செய்யவில்லை. இரண்டாவது, வாளோடு ஊரூராக நடந்து, அடிவாங்கி, பலம் சேர்த்துப் பெரியவனாகிற ஒரு பொடியனின் கதை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போட்டுக் கடைவாசலில் நின்றார்கள். கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. மூன்றாவதற்குப் பெரிய வாத்தியக் கோஷ்டி, சினிமா மாதிரிக் காட்சிகள், கூட்டாளிகளுக்குள் பிடுங்குப்பாடு. அது ஒருவழியாக வெளியே வந்தபோது சனம் வேறு பக்கம் போய்விட்டது. போன வருடம் கட்டடத்துக் கதவில் சங்கிலி போட்டார்கள். இந்த இடம் வரும்போது, சொந்தச் சித்தப்பாவின் கடை முறிந்ததுபோலச் சோதிலிங்கம் குரலைத் தாழ்த்துவார். மனிதர் ஜப்பானைக் கண்டதில்லை. அந்த எழுத்தில் ஒன்றும் தெரியாது. எல்லாம் வியா மக்வேதாத் தெருவில் கேம்கடை வைத்திருக்கும் மாட்டியா, இத்தாலியச் சஞ்சிகையில் வாசித்துச் சொன்னது.

அந்த மூன்றாவது கேமில்தான், கடைசிக் கதவுக்கு முன்னால், அவர் ஒரு வருடமாக நின்றார். வெல்லத் தெரியாது என்றார்கள் சிலர். வாசிக்கத் தெரியாது என்பது நாகபூசணியின் முடிவு.

றஞ்சித் சுவிட்சைப் போட்டான். புல்லாங்குழல் ஒன்று திடீரென்று கிளம்பியது. பதிகம் பாடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருகணம் நிறுத்தி, பிறகு இன்னும் உரத்துப் பாடினார். திரையில் நீலச் சட்டைக்காரன் ஒருவன், பெரிய கதவொன்றின் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"ஆள் நல்ல பலமாய்த்தான் நிக்கிறார். உள்ளை போய் அடிச்சா முடிஞ்சுது," என்றான் றஞ்சித்.

"பின்னை ஏன் கொண்ணை அடிக்கேல்லை?"

ரதிக்குத் தெரியும். ஒருநாள் வெங்காயம் உரித்தபடி அவளும் இதைத்தான் கேட்டாள்.

"முடிச்சா, செய்த ஆக்களின்ரை பேரெல்லாம் வரிசையாய் ஓடுமாம்," என்றார் அவர். "பேர் ஓடி முடிஞ்சா கொம்பனியும் முடிஞ்சுது. நான் திறக்காட்டி அவங்கள் உள்ளுக்கை இருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருப்பாங்கள்."

"உங்களுக்கு விசர்," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்திருந்தாள்.

படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பெட்டியை எடுக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்.

"அண்ணி, திறக்கட்டே?"

"வேண்டாம்."

காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல். பதிகக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, அந்தாளுக்கு ஒரு சாந்தி வேண்டாமே?" என்றாள் நாகபூசணி.

"அவர் விட்ட இடம் அதுதான் அக்கா."

றஞ்சித் கொன்ட்ரோலரை நிலத்தில் வைத்தான். ரதி எழும்பிவந்து, நாகபூசணியின் கையிலிருந்த வேட்டியை வாங்கி டிவியின் மேல் போட்டாள். சுவிட்சைத் தொடவில்லை. திரும்பிப்போய்த் தன் இடத்தில் இருந்துகொண்டாள்.

மூடியைத் திருகாணி போட்டு இறுக்கும்போது எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

ஆண்கள் பெட்டியோடு இறங்கினார்கள். படிக்கட்டு வளைவில் அது இருமுறை சுவரில் முட்டியது. பெண்கள் சுடலைக்குப் போகிற வழக்கமில்லை, வீட்டைக் கழுவவேண்டும். நாகபூசணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

"அதை நிப்பாட்டன் பிள்ளை. கறண்டெல்லே வீணாய்ப் போகுது."

வேட்டிக்குப் பின்னால் நீலமாக வெளிச்சம் இருந்தது. குழல் முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. தண்ணீர் மேசைக்காலைச் சுற்றிக்கொண்டு வயர் கிடந்த பக்கமாக வந்தது. ரதி குனிந்து, பிளக்குகள் செருகியிருந்த கட்டையைத் தூக்கி, அவர் கேம் விளையாட இருக்கும் கதிரையில் வைத்தாள்.