பிரசவ அறைக்குப் போன ஸ்பீக்கர்

ஜனவரி 9. இன்றைய தவறு: அணைக்க வேண்டியதை உடனே அணைக்கவில்லை.

எழுதிவிட்டு ஷமீரா பேனாவை மூடினாள், மறுபடி திறந்தாள். தினமும் ஒரு தவறை ஒப்புக்கொண்டு நாட்குறிப்பைத் தொடங்கச் சொல்லியிருந்தார் அவள் போகும் மாலை வகுப்பு டீச்சர். கை ஓடவில்லையா, மனசு வரவில்லையா என்பதுதான் அவளுக்கு இன்னும் தெளிவாகவில்லை.

அக்கா ரிஃப்காவின் கணவன் ஜாஹித் ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்து இறங்கியபோது பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு துண்டுத் துணிகூட வாங்கி வரவில்லை. கையடக்க ஸ்பீக்கர் ஒன்றும் ஒரு கொள்கையும் கொண்டுவந்திருந்தான். காதில் விழும் முதல் ஓசைதான் பிள்ளையின் அறிவைத் தீர்மானிக்குமாம். வலி தொடங்கினால் மழைச் சத்தம், கூடினால் புல்லாங்குழல், தலை தெரியும்போது பியானோ என்று போனில் வரிசைப்படுத்தி வைத்திருந்தான். அங்கே பெரிய ஆபீசர்கள் வீட்டிலெல்லாம் இப்படித்தானாம். அவன் டைல்ஸ் குடோனில் அட்டைப்பெட்டி அடுக்குகிறவன்; ஆபீசர் வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டான் என்று ஷமீரா நினைத்தாள். உடனே, ஒருவனுடைய வேலையை வைத்து இளக்காரம் செய்வது சரியில்லை என்று தன்னையே கண்டித்துக்கொண்டாள். இளக்காரம் செய்ய அவனிடம் வேறு சரக்கு நிறையவே இருந்தது.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில் ஆண்களைப் பிரசவ அறைக்குள் விடுவதில்லை. அம்மாவுக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும். அதனால் துணைக்கு ஷமீரா போனாள். வாசலில் ஜாஹித் அவள் கையில் ஸ்பீக்கரைத் திணித்தான்.

"இத அக்கா தலமாட்டுல வச்சா போதும். போன் எங்கிட்ட இருக்கும், வெளியிலேருந்தே நான் போட்டுவுடுவேன்."

ஸ்பீக்கரில் மழை கொட்டத் தொடங்கியது. நர்ஸ் சந்திரலேகா நிமிர்ந்து முறைத்தாள்.

"அறுப்பு சமயத்துல எவம்மா மழ கேப்பான்? எங்க வீட்டு நெல்லு களத்துல கெடக்கு. வாய வச்சுத் தொலைக்காதீங்க."

"எனக்கு ஒண்ணுக்கு முட்டுது, சிஸ்டர்" என்றாள் ரிஃப்கா பல்லைக் கடித்துக்கொண்டு. "நிறுத்தச் சொல்லுடி அந்த மனுசன."

ஷமீரா செய்தி அனுப்பினாள். மழை நின்றது, புல்லாங்குழல் வந்தது. ரிஃப்காவின் அலறலுக்கு நடுவே அது யாரோ வேண்டாத விருந்தாளிபோல் மூலையில் முனகிக்கொண்டிருந்தது. திடீரென அதுவும் அறுந்தது. நீடாமங்கலத்திலிருந்து ஜாஹித்தின் அம்மா நூர்ஜஹான் மாமியின் குரல் அறைக்குள் கணீரென்று ஒலித்தது.

"ஆம்பளப் புள்ளன்னா போன் போடு வாப்பா. பள்ளிவாசல் ஹஜரத்த கார்ல கூட்டியாந்து புள்ள காதுல பாங்கு சொல்லச் சொல்றேன். பொம்பளப் புள்ளன்னா பாவம் அவரு எதுக்கு அலையணும், நீயே காதுல ஓதிடு."

வெளியே தன் அம்மாவின் குரல்பதிவைக் கேட்க அழுத்திய ஜாஹித்துக்குப் போனில் சத்தம் வரவில்லை. அவன் போன் இன்னும் இந்த ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டான்.

ஷமீராவின் விரல் பொத்தான் வரை போனது. அங்கேயே நின்றது. அக்கா கேட்கட்டும் என்று நினைத்தாளா? வலியோடு இருப்பவள் விஷயத்தில் அப்படி நினைக்கலாமா? அதற்குள் மூன்றாம் முறை தொடங்கிவிட்டது.

"யாரும்மா இது?" என்றாள் சந்திரலேகா.

"எம் மாமியா" என்றாள் ரிஃப்கா. அதன்பிறகு அவள் அலறவே இல்லை.

"நீயே காதுல ஓதிடு" என்று குரல் முடிவதற்குள் பிள்ளை அழுதது. பெண். அறிவைத் தீர்மானிக்கும் முதல் ஓசை அதற்கு அப்படி வாய்த்தது.

வார்டுக்கு மாற்றியதும் ஜாஹித் தொழுகைக்குப்போலக் கைகால் முகம் கழுவி ஒளு செய்து, தொப்பி போட்டு, தாடியை நீவிக்கொண்டு வந்தான். வீடியோ எடுக்கச் சொல்லிப் போனை ஷமீராவிடம் நீட்டினான். குனிந்தவன் நின்றான். பாங்கு எனும் தொழுகை அழைப்பை ஓத வேண்டிய பிள்ளையின் வலது காதை ரிஃப்கா உள்ளங்கையால் மூடியிருந்தாள்.

"கைய எடு, பாங்கு சொல்லணும்."

"ஹஜரத் எங்க?"

"எந்த ஹஜரத்?"

"கார்ல வருவாரே, அவரு."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். மூணு தடவ. கடைசியில நல்லா சத்தமாவே."

தெருநாய் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல், தலைமாட்டில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தான் ஜாஹித். "அம்மா ஏதோ வெளயாட்டுக்கு..."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"அப்புறம் போன காதுல வச்சுக் கேட்டுட்டு, சரிம்மான்னு..." என்று இழுத்தான்.

"பாங்கு சொல்லாம வைக்கக் கூடாதுடி" என்று ஷமீராவின் அம்மா கெஞ்சினாள்.

"சொல்ல வேணாம்னா சொன்னேன்? ஆம்பளைக்கு வர்ற காரு இவளுக்கும் வரட்டும். மாமியே கூட்டியாரட்டும்."

வராந்தாவில் ஜாஹித் ஷமீராவை ஓரமாக அழைத்தான். "நீ எங்கம்மாகிட்ட பேசேன் ஷமீரா. நான் சொன்னா அழுவாங்க."

மழை, குழல், பியானோ என்று அத்தனையையும் வரிசைப்படுத்தியவனுக்குத் தாயிடம் சொல்ல ஒரு வாக்கியம் இல்லை. சீ என்று வந்தது ஷமீராவுக்கு. வந்த வேகத்திலேயே சந்தேகமும் வந்தது. முதல் தடவையே அணைத்திருந்தால் இந்நேரம் பாங்கு சொல்லி முடிந்திருக்கும். அக்கா எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பாள். அது நல்லதாக இருந்திருக்குமா?

உள்ளே ரிஃப்கா பிள்ளையைப் பக்கம் மாற்றிப் பால் கொடுத்தாள். ஒரு கை விலகுவதற்குள் மறு கை வந்து அந்தச் சின்னக் காதின்மேல் அமர்ந்துகொண்டது.

நாட்குறிப்பில் கடைசி வரியை எழுதினாள்.

நாளை: காலை பஸ்ஸில் நீடாமங்கலம் போய், பெண்ணுக்கும் ஹஜரத்தைக் காரில் கூட்டிவரும்படி நூர்ஜஹான் மாமியிடம் நேரில் சொல்ல வேண்டும்.