ஸ்டோர் ரூமில் பூட்டிய ஹீட் பம்ப்

பெர்மாஸ் ஜெயா வட்டாரத்தில் பதினான்கு முதியவர்கள் இருக்கும் இல்லத்தை வாசுகி நடத்துகிறாள். அதற்குத் தலைவர் திருச்செல்வம். தலைவர் என்றால், விழா நாளில் மாலை வாங்கிக்கொள்வார். மற்ற நாட்களில் குறை கண்டுபிடிப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்: திங்கள் முதல் மாலையில் வெந்நீர் கிடையாது.

அதைப் படித்த வாசுகி நேரே தலைவரிடம் போனாள். மாலையில் வெந்நீர் ஊற்றாவிட்டால் இல்லத்து முதியவர் அய்யாவுக்கு முட்டி மடங்காது. மனிதர் படுக்கவும் மாட்டார், உட்காரவும் மாட்டார்.

"ஏன் தலைவரே இப்படி?"

"பில்ல பாத்தியாம்மா? பாத்ரூம் ஹீட்டரையெல்லாம் கழட்டிட்டு, நன்கொடைப் பணத்துல ஹீட் பம்ப் போட்டேன். பாதிக் கரண்டு மிச்சம்னு எழுதியே குடுத்தாங்க. மூணு மாசமாச்சு, ஒரு வெள்ளி காசு கொறையல. மெஷின் நல்ல மெஷின். இவங்கதான் எரும மாதிரி ஊறுறாங்க."

"அய்யாவு அண்ணன் உள்ள இருக்கிறது பத்து நிமிஷம். அதுல ஏழு நிமிஷம் சட்டை கழட்டவே போயிடும்."

"எனக்குத் தெரியும்மா."

எல்லாம் தெரிந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது? வாசுகி, இயந்திரத்தை மாட்டிய மூர்த்திக்கு போன் போட்டாள்.

"அக்கா, அது சுத்தி இருக்கிற காத்துலேர்ந்து சூட்ட எடுத்துத் தண்ணியில விடுற மெஷின். வெளிய வைங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா. திருடன் தூக்கிட்டுப் போயிடுவான்னு அவருதான் கேக்கல."

கேட்காதது மட்டுமா? ஸ்டோர் ரூமுக்குள் வைத்து, ஜன்னலைப் பலகையால் அடைத்து, கதவுக்கு இரண்டு பூட்டும் போட்டு, சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருந்தார்.

சனிக்கிழமை சாவியைக் கேட்டு வாங்கித் திறந்தாள். "அலமாக்!" என்று அலறிப் பின்வாங்கினாள். மீன் கடை ஐஸ் பெட்டிபோல் குளிர் முகத்தில் அடித்தது. அறையிலிருந்த சூட்டையெல்லாம் இயந்திரம் என்றோ உறிஞ்சி முடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்த மின்சூட்டுக் கம்பிதான் நாள் முழுக்கத் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கழற்றி எறிந்த அதே பழைய ஹீட்டர், புதுச் சட்டை போட்டுக்கொண்டு!

"உள்ள வந்து நில்லுங்க தலைவரே."

வந்தார். இரண்டு நிமிடத்தில் கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார்.

"பூட்டு... திருடனுக்காகப் போட்டதும்மா."

"இங்க வர்ற திருடன் கம்பளி எடுத்துட்டுதான் வரணும்."

ஞாயிற்றுக்கிழமை மூர்த்தி இயந்திரத்தை வெளியே கொண்டுபோய், காற்றுப் புகும் கம்பிக் கூண்டில் வைத்தான். வாசுகி அறிவிப்பைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். தலைவர் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

அடுத்த பில்லில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. உடனே தலைவர் கூட்டம் போட்டார். தம் திட்டம் எப்படி வென்றது என்று அரை மணி நேரம் முழங்கினார். கைதட்டல் குளியலறை வரை கேட்டது.

"யாருக்கும்மா கை தட்டுறாங்க?" என்று வாசலில் நின்ற வாசுகியிடம் கேட்டார் உள்ளே இருந்த அய்யாவு.

"தலைவருக்கு."

"அவரு என்ன செஞ்சாரு?"

"ரெண்டு நிமிஷம் குளிருல நின்னாரு."

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்க வச்சிருக்கலாம்லா," என்று சொல்லிவிட்டு, அய்யாவு வெந்நீர்க் குழாயை இன்னொரு சுற்றுத் திறந்தார்.