படத்துக்குத் தனிக் காசு

"இது நான்தான பாப்பா?" என்று கேட்டபடி அந்த அம்மாள் போனை மேஜைமேல் வைத்தாள். விரிசல் விட்ட திரையில் தேன் பாட்டில்களுக்கு நடுவே ஒரு முகம் சிரித்தது. அதே முகம் சிரிக்காமல் எதிரில் நின்றது. கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்து, கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்துகொடுக்கும் ஜெயசுதா போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

படம் அவள் எடுத்ததுதான். போன வருடம் கணவனோடு கல்வராயன் மலைக்குப் போனபோது, வெள்ளிமலைச் சாலையோரம் கொய்யா விற்றவளிடம் பழம் வாங்கிவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவளும் கூச்சத்தோடு சிரித்தாள். அத்தோடு மறந்துபோன படம். இரண்டு மாதத்துக்கு முன்பு தேன் வியாபாரி இளஞ்செழியன் வெப்சைட் கேட்டு வந்தார். பதினெட்டாயிரம் என்றாள். விழுப்புரத்தில் ஒருவன் ஆறாயிரத்துக்குச் செய்கிறானே என்றார். பேசிப் பேசி ஒன்பதில் வந்து நின்றது. படம் எடுக்க ஆள் வைத்தால் தனியாக மூவாயிரம் ஆகும் என்றதும் அவர் எழுந்துவிட்டார். "அதெல்லாம் நீயே பாத்து எதாச்சும் போடும்மா. மலைக்கார முகமா இருந்தா ஜனங்க நம்புவாங்க." அந்த மாதம் வேறு வேலை எதுவும் வரவில்லை. அவள் தன் போனைத் துழாவினாள்.

வந்தவள் தன் பெயர் சின்னக்கண்ணு என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்தான் படத்தைக் காட்டி, வெப்சைட்டின் அடியில் இருந்த ஜெயசுதாவின் பெயரையும் விலாசத்தையும் தாளில் எழுதிக்கொடுத்தாளாம்.

"இதுல இன்னா எழுதிக்கீது? படிச்சிக் காட்டு. எனக்கு எழுத்து தெரியாது."

கடைசி வரியை விட்டுவிடலாமா என்று ஜெயசுதா நினைத்தாள். அந்தக் கண்களுக்கு முன்னால் முடியவில்லை. 'இவர் வள்ளியம்மா. இருபது வருடமாக எங்களுக்காக மலைத்தேன் எடுத்துத் தருகிறார். எங்கள் லாபத்தில் இவருக்கும் பங்கு உண்டு.' அந்தக் கடைசி வரி யாரும் சொல்லாமல் அவளாகவே சேர்த்தது. எழுதும்போது நன்றாக இருந்தது.

"பங்கு," என்றாள் சின்னக்கண்ணு மெதுவாக. "அதத்தான் எங்கொழுந்தனாரு புடிச்சிக்கினாரு. எங்க வூட்டுக்காரரு செத்து மூணு வருசம் ஆவுது. தேன் எடுக்கற பாறை அண்ணன் தம்பிக்குப் பொது. நான் திருட்டுத்தனமா வித்து பணம் சேத்துக்கினேன்னு வூட்ட வுட்டுப் போவச் சொல்றாரு. வெள்ளிக்கெழம ஊர்ல பேசப் போறாங்க."

ஜெயசுதா அவசரமாகக் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து படத்தை நீக்கினாள். "எடுத்துட்டேன்க்கா. இனிமே யாருக்கும் தெரியாது."

சின்னக்கண்ணு வெற்றுத் திரையைப் பார்த்துப் பதறினாள். "ஏன் எடுத்த? இப்ப பயந்துகினு மறைச்சிட்டேன்னு சொல்வாங்களே. திருப்பிப் போடு."

போட்டாள். பிறகு கைப்பையிலிருந்து இரண்டாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினாள். சின்னக்கண்ணு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இத வாங்கினா அவங்க சொல்றது நெசமாயிடும் பாப்பா. பணம் வாணாம். நீ வந்து நாலு பேருக்கு முன்னால சொல்லு, போதும்."

இளஞ்செழியனிடம் போனில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் ஜெயசுதாவுக்குப் பயமாக இருந்தது. "அது அவங்க வூட்டுச் சண்டை. நீ போய் நின்னா என் கடைப் பேரு கெடும். என் மச்சான் ரைஸ் மில்லுக்கும் உன்னத்தான் சொல்லி வச்சிக்கிறேன். யோசிச்சிக்கம்மா." இரண்டு நாள் யோசித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் கணவனிடம்கூடச் சொல்லாமல் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினாள். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும், என்ன பேசுவது என்று மனதுக்குள் அடுக்கி வைத்ததெல்லாம் கலைந்துபோனது.

ரேஷன் கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தனார் பிச்சைமுத்து ஒல்லியான, களைத்த மனிதர். ஜெயசுதா நினைத்து வந்த முகம் அல்ல.

"இவங்களக் கேக்காம படத்தப் போட்டது நான்தாங்க. பேரும் பொய்யி. பங்கும் பொய்யி. எல்லாம் நானா எழுதினது."

"அத செஞ்சிக் குடுத்ததுக்கு உனக்கு எவ்ளோம்மா குடுத்தாங்க?" என்றார் பிச்சைமுத்து.

"ஒம்பதாயிரம்."

"அதுல இவங்க படத்துக்கு?"

"ஒன்னும் இல்லீங்க."

பிச்சைமுத்து தன் கையிலிருந்த போனில் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார். "அன்னிக்கி எழுதினது பொய்யின்ற. இன்னிக்கி சொல்றது நெசம்னு நாங்க எப்படிம்மா நம்பறது?"

ஜெயசுதா சின்னக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவர் ஒருவர், ரெண்டு நாள் போகட்டும், பார்க்கலாம் என்றார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

ஜெயசுதா சின்னக்கண்ணுவோடு அவள் வீடுவரை போனாள். அவள் பாத்திரங்கள் காலையிலேயே வீட்டுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தன. ஒரு குண்டான், இரண்டு குடம், மூடியில்லாத தூக்கு. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். சின்னக்கண்ணு ஒரு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். உள்ளே போகவில்லை, விலகவும் இல்லை. ஜெயசுதா குனிந்து இன்னொரு குடத்தைத் தூக்கினாள். அதில் தண்ணீர் இருந்தது. தளும்பி அவள் புடவையை நனைத்தது. இருவரும் குடத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.