பத்து நிமிடக் கெடு

பேக்கப் நகலெடுப்பு இரண்டாம் முறையும் பாதியில் அறுந்தபோது, மனைவியின் உடலை எடுத்துப்போக வந்த வண்டி வாசலில் ஹாரன் அடித்தது.

அவன் முன்னறையில் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தான். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவள். 'தண்ணி. சொல்லுங்க. இன்னொரு தடவை.' நான்கு வருடப் பயிற்சிகளின் குரல்பதிவுகள், அவன் எழுதிக்கொடுத்த செயலியின் டேட்டாபேஸில் கிடந்தன. வேறெங்கும் இல்லை. காலையிலிருந்து ஹார்டு டிஸ்க் கறகறத்துக்கொண்டிருந்தது.

"உங்க பேக்கப் பட்டனும் உங்கள மாதிரிதாங்க. முப்பது செகண்டுக்கு மேல எதையும் காதுல வாங்காது" என்பாள். அப்புறம் பார்க்கிறேன் என்பான். இன்று முப்பதை அறுநூறாக்கினான். பத்து நிமிடம் தாராளம் என்று நினைத்தான். அறுநூறாவது நொடியில் செயலி பொறுமையிழந்து வேலையை வெட்டிவிட்டது.

மைத்துனன் வந்து நின்றான். "அக்கா அங்க கெடக்கா. இங்க பட்டன் தட்டிட்டு இருக்கீங்க. நீங்கல்லாம் மனுஷன்தானா மாமா?"

"அவ குரல்டா. டிஸ்க் போச்சுன்னா அவ்ளோதான்."

மைத்துனன் திரும்பி வாசலுக்குப் போனான். "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம்" என்று அவன் கெஞ்சுவது கேட்டது.

கெடு வைத்ததே தப்பு. நேர வரம்பை எடுத்துவிட்டான். நகலெடுக்கும் வேலையைத் திரையிலிருந்து பிரித்து, பின்னணியில் தனியே ஓடவிட்டான். எவ்வளவு முடிந்தது என்று திரை அவ்வப்போது விசாரித்தால் போதும். இரண்டு சதவீதம். மூன்று. எழுந்தான்.

முழங்கால் மடக்க முடியாத மாமியார் வீட்டிலேயே இருப்பதாக ஏற்பாடு.

"அத்தை, இத யாரும் அணைச்சிடாம பாத்துக்குங்க. ரொம்ப சூடாகுது."

"எவ்ளோ நேரம்பா?"

"தெரியல. முடியற வரைக்கும்."

மயானத்திலிருந்து திரும்பி வந்தபோது கூடத்து நாற்காலிகளை யாரோ அடுக்கி வைத்திருந்தார்கள். மாமியார் முன்னறையில், மடித்த செய்தித்தாளால் கம்ப்யூட்டர் பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தார். திரையில் நூறு வந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது.

"முடிஞ்சுடுச்சு அத்தை. விடுங்க."

அவர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் சூடு இருக்குப்பா."

மறுபடி விசிறினார். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அந்தக் காற்றில் கொஞ்சம் அவன்மேலும் பட்டது.